கண்ணைக் கட்டிக் கேட்ட பாட்டு

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பனுக்கு எந்த ஸ்பீக்கரும் ஒத்துவரவில்லை. சினிமா போட்டால் வீட்டுக்குள்ளேயே இடி இடித்தது, மழை பெய்தது. பாட்டு போட்டால் மட்டும் ஏதோ குறைந்தது. பெட்டியை மாற்றி மாற்றி வாங்கினார்.

"குறை பெட்டியில இல்லீங்க," என்றாள் சமையல்கார மாராத்தாள்.

"அப்ப எதுலன்னு நாளைக்குள்ள காட்டு. இல்லைன்னா வேலைக்கு வராதே!"

மாராத்தாள் கோபிச்செட்டிபாளையத்துக்கு பஸ் ஏறினாள். "பாட்டு கேக்கறேன், கூடவே முணுமுணுக்காதே" என்று முதலாளி சீறியதில் தாய்வீடு போய்விட்ட மனைவி கமலவேணி அங்கேதான் இருந்தாள்.

"உங்களைத்தான் தேடறாருங்கம்மா. அது அவருக்கே தெரியல."

மறுநாள் மாராத்தாள் முதலாளியின் கண்ணைத் துண்டால் கட்டினாள். "பாக்காம கேட்டு, எது நல்லதுன்னு சொல்லுங்க."

பழைய பெட்டியில் ஒரு பாட்டு.

"சுமார்."

புதுப் பெட்டியில் அதே பாட்டு.

"உயிரில்லை."

மாராத்தாள் எல்லாவற்றையும் அணைத்தாள். அப்போது வளையல் சத்தத்தோடு, பாதி வரி மறந்துபோன முணுமுணுப்பாக, அதே பாட்டு வந்தது.

"இதுதான்! சத்தத்தைக் கூட்டு!"

"இதுக்கு ரிமோட்டு இல்லீங்க. நீங்க அதட்டாம இருந்தா பாடும்."

முதலாளி வாயை மூடிக்கொண்டார். துண்டை அவிழ்க்க மட்டும் கை வரவில்லை. அவிழ்த்தால் பாட்டு நின்றுவிடுமோ என்று பயம்.