முன்னால் இரண்டு சுற்று

உமையாள் பந்தயம் ஓட்டுவதை நிறுத்தி நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. வயது முப்பத்திரண்டு. கோவைக்கு வெளியே இருந்த பந்தயத்தடத்தின் கடைசிக் கொட்டகையில் ஜூனியர்களுக்கு மோட்டார் சைக்கிள் பயிற்சி கொடுத்துவந்தாள்.

செலின் போத்தனூரிலிருந்து அவளிடம் வந்தபோது பதினைந்து வயது. முதல் வருடம் எல்லாப் பந்தயத்திலும் கடைசி. அடுத்த வருடம் பதினொன்று, ஏழு, நான்கு என்று ஏறினாள். இந்த வருடம் நடந்த ஐந்து பந்தயங்களிலும் இரண்டாவது.

ஐந்திலும் முதலாவதாக வந்தவன் திலக்.

இன்னும் ஒரு பந்தயம் மீதி இருந்தது. அதில் ஜெயிப்பவரை மேல்வகுப்பு அணி ஒன்று எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஒரே ஓர் இடம். செலினுக்கு ஜனவரியில் பதினெட்டு முடிகிறது. அதன் பிறகு ஜூனியர் பந்தயம் ஓட முடியாது.

டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது திலக் சொன்னான்: “என் வண்டிக்குப் பின்னாடி நம்பர் பிளேட்டே வேண்டாம். அதான் செலின் இருக்காளே.”

எல்லோரும் சிரித்தார்கள். செலினும் சிரித்தாள். கொட்டகைக்கு வந்ததும் உமையாளிடம் கேட்டாள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வண்டிதானேக்கா. அவனை ஏன் என்னால தாண்ட முடியலை?”

உமையாள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்குக் காலையில் ஆறு மணிக்கு வரச் சொன்னாள்.

காலையில் தடத்தில் வேறு வண்டி இல்லை. தனியாகப் பத்துச் சுற்று ஓட்டச் சொன்னாள். சுவரோரம் நின்று நேரம் பார்த்தாள். ஒவ்வொரு சுற்றும் வழக்கத்தைவிட இரண்டு விநாடி அதிகமாக இருந்தது.

செலின் இறங்கி வந்து டயர் சூடாகவில்லை என்றாள். எதிர்க்காற்று என்றாள். பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றாள். உமையாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நீண்ட நேர்பாதையின் முடிவுக்குப் போனாள். அதைத் தாண்டினால் வலதுபக்க வளைவு.

“இங்கே எப்ப பிரேக் பிடிப்பே?”

“திலக் பிடிக்கறப்ப.”

“இன்னைக்கு அவன் இல்லையே.”

செலின் திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். புல்லோரத்தில் மூன்று பலகைகள் நின்றன. வளைவுக்கு இன்னும் நூற்றைம்பது மீட்டர், நூறு மீட்டர், ஐம்பது மீட்டர். வெள்ளையில் கறுப்பு எண்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்தப் பலகையெல்லாம் எப்பக்கா வச்சாங்க?”

“நீ இங்கே வர்றதுக்கு ரொம்ப நாள் முன்னாடி.”

உமையாள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

அதற்குப் பிறகு ஒன்பது நாட்கள் செலின் தனியாக ஓட்டினாள். முதலில் நூற்றைம்பதுக்கு முன்பே பிரேக் பிடித்தாள். பிறகு அதைத் தாண்டினாள். ஒருமுறை நூறையும் தாண்டிப்போய்ச் சரளையில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள், திலக்கின் பின்னால் போகும்போது எடுக்கும் நேரத்துக்கு அரை விநாடி நெருக்கத்தில் வந்தாள்.

“பின்னாடி போறதுதான் சுலபமா இருக்குக்கா.”

“ஆமா,” என்றாள் உமையாள்.

பந்தயம் பத்துச் சுற்று. எட்டுச் சுற்று வரை எப்போதும் போலத்தான் நடந்தது. முன்னால் திலக், ஒரு வண்டி தூரத்தில் செலின். ஒன்பதாவது சுற்றில், நேர்பாதையின் முடிவில், திலக் பிரேக் பிடித்தான். செலின் பிடிக்கவில்லை. அவனைத் தாண்டிப் போய், பிறகு பிடித்தாள்.

அங்கிருந்து ஏறக்குறைய இரண்டு சுற்று அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

மீதி எத்தனை சுற்று என்று எழுதிக் காட்ட வேண்டியது உமையாளின் வேலை. அவள் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, செலின் போன திசையையே பார்த்து நின்றாள். காட்ட மறந்துவிட்டாள்.

கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் திலக் உள்பக்கமாக நுழைந்தான். கோட்டைத் தாண்டும்போது இருவருக்கும் அரைச் சக்கர இடைவெளி இருந்தது. திலக் முதலாவது.

அணிக்காரர்கள் அவனுக்குத் தங்கள் சட்டையை மாட்டிப் படம் எடுத்தார்கள். கொட்டகையில் செலின் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் அவளுக்கு வாங்கி வந்த மோரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். உமையாள் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“நான் பின்னாடியே இருந்து, கடைசி வளைவுல தாண்டியிருக்கணும். அவன் பண்ணின மாதிரி.”

“பண்ணியிருக்கலாம்.”

“ஜெயிச்சிருப்பேன்.”

“ஜெயிச்சிருக்கலாம்.”

வெளியே யாரோ திலக்கின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அது அடங்கும்வரை செலின் காத்திருந்தாள்.

“இனிமே எனக்கு இந்தப் பந்தயமே இல்லை. அப்புறம் எதுக்குக்கா தனியா ஓட்டச் சொல்லிக் கொடுத்தீங்க?”

உமையாள் செலினின் கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

“நான் ஏழு வருஷம் ஓட்டினேன்,” என்றாள். “நாற்பத்தோரு பந்தயம். எல்லாத்துலயும் யாரோட பின்சக்கரத்தையாவது பார்த்துக்கிட்டேதான் போனேன்.”

செலின் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

“ரெண்டு சுற்று முன்னாடி இருந்தியே. சொல்லு,” என்றாள் உமையாள். “அங்கே எப்படி இருக்கும்?”