எச்சில் படாத முடிச்சு

கருங்கல்லைக் கடலுக்குள் கொட்டிக் கொக்கி போல வளைத்துவிட்டிருக்கிறார்களே, தூண்டில் வளைவு, அதன் நுனியில் தினமும் விடிகிற நேரத்துக்கு இரண்டு பேர் நிற்பார்கள். ஒருத்தி ஜெசிந்தாள். முப்பத்தைந்து வயது. தூண்டில் போட்டே பிழைக்கிறவள். மற்றவர் குற்றாலிங்கம். அறுபத்திரண்டு வயது. நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் நேர்கோடு போட்டு ஓய்வு பெற்றவர். இதில் குரு அவள், சீடர் இவர். ஆரம்பத்தில் கேலியாகத்தான் ‘வாத்தியாரம்மா’ என்று கூப்பிட்டார். நாலு மாதத்தில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

நாலு மாதமாக அவர் ஒரு மீனைக்கூடக் கரையேற்றவில்லை. மாட்டும். பாதி வழியில் அறுத்துக்கொண்டு போகும்.

அன்றைக்கும் போயிற்று.

“வாத்தியாரம்மா, எந்த லீடர்தான் போட? எந்த முடிச்சுதான் போட? முப்பது பவுண்டு இழுவை தாங்குறது போட்டாச்சு, நாப்பது போட்டாச்சு, அறுபதும் போட்டாச்சு.”

ஜெசிந்தாள் அவருடைய ரீலிலிருந்து பின்னல் நூலை ஒரு முழம் உருவிக் கையில் கொடுத்தாள்.

“இழுங்க.”

இழுத்தார். நூல் இம்மிகூட இளகவில்லை. விரலில் ரத்தம் துளிர்த்தது.

அடுத்து, கண்ணாடியாகப் பளபளத்த நைலான் தங்கூசி நரம்பு ஒரு முழம் கொடுத்தாள். அதையும் இழுத்தார். கொஞ்சம் நீண்டு கொடுத்தது.

“மீனும் கொடுக்காது, உங்க நூலும் கொடுக்காது. நடுவுல ஒண்ணு கொடுத்துப் போவணும்லா அண்ணாச்சி. அதுக்குத்தான் பின்னல் நூலுக்கும் கொக்கிக்கும் நடுவுல இந்தத் தங்கூசி லீடர்.”

“அதான் போட்டிருக்கேனே!”

“போட்டிருக்கிய. லீடர்ல குத்தமில்ல.” அறுந்து வந்த முனையை நகத்துக்கு நடுவே வைத்து நீவினாள். அது சுருண்டு, பால் நிறத்தில் வெளுத்திருந்தது. “கல்லு அறுக்கல. பல்லும் அறுக்கல. முடிச்சு கருகியிருக்கு.”

அந்தக் கம்பும் ரீலும் நூலும் குற்றாலிங்கம் வாங்கியவை அல்ல. மகள் வடிவு பூனாவிலிருந்து பார்சலில் அனுப்பியவை. ‘ரிட்டயர் ஆனதும் தூண்டில் போடப் போறேன்’ என்று அவர் எப்போதோ சொன்னதை நினைவு வைத்திருக்கிறாள். பார்சலில் கடிதம் இல்லை.

கடிதம் எப்படி இருக்கும்? அம்மா இறந்த அன்று விமானம் தாமதமாகி, எல்லாம் முடிந்த பிறகுதான் வடிவு வந்து சேர்ந்தாள். வாசலிலேயே, நாலு பேர் முன்னால் இவர், “எல்லாம் முடிஞ்சுபோச்சு. இனி எதுக்கு வந்தே?” என்றார். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். பேச்சு நின்று ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. பார்சல் வந்து சேர்ந்தது என்றுகூட இவர் சொல்லவில்லை. அந்தக் கம்பில் ஒரு மீன் பிடித்து, படம் எடுத்து அனுப்பி, அதை வைத்துப் பேச்சை ஆரம்பித்துவிடலாம் என்று இருந்தார். வெறுங்கையோடு மகளிடம் பேச அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் சுவரும் அவரும்தான். சில நாள் தன் குரலை அவர் முதலில் கேட்பதே இந்தக் கல் மேல் வந்து நின்ற பிறகுதான்.

“எப்படிப் போடுதியன்னு போட்டுக் காட்டுங்க” என்றாள் ஜெசிந்தாள்.

நூலின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி விறைப்பாக்கினார். அது அவள் கற்றுக்கொடுத்தது. இரண்டு ஆள் வேலை, பிடிக்க ஆளில்லாதவர்களுக்குக் கால்விரல்தான் துணை என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அவளுக்கும் ஆளில்லை. தங்கூசியின் மேல் பின்னல் நூலை இப்படியும் அப்படியுமாக இருபது சுற்றுச் சுற்றினார். ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. அளந்து வைத்தாற்போல இருந்தது. இறுக்கப் போனார்.

“நில்லுங்க. நனைக்கலியா?”

“எதுல?”

“வாயிலதான்.”

“எச்சிலா?”

“பின்னே பன்னீரா?”

குற்றாலிங்கம் தண்ணீரையே உதடு படாமல் அண்ணாந்து குடிக்கிறவர். குனிந்து, முடிச்சைக் கடலில் முக்கி எடுத்தார்.

“உப்பு நிக்கும் அண்ணாச்சி. வழுக்கிட்டுப் போயி உக்காரணும். காஞ்ச முடிச்ச இறுக்குனா, இறுக்குற சூட்டுலயே நரம்பு வெந்துபோவும். பாக்க நல்லாத்தான் இருக்கும். மீன் இழுக்கும்போதுதான் தெரியும்.”

“நீயே போட்டுக் கொடுத்துரேன்.”

“போடலாம். அப்புறம் அது என் முடிச்சுலா?”

முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வடிவுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு கடலை மிட்டாய் கொண்டுவந்தாள். பாவாடையைச் சுற்றி, துணிக்கு மேலேயே காக்காக் கடி கடித்து, அப்பாவுக்கு எச்சில் ஆகாது என்று அத்தனை பக்குவமாகப் பாதியை நீட்டினாள். இவர் “எச்சில்” என்று கையைத் தள்ளிவிட்டார். அந்தச் சின்னக் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது. இத்தனை வருஷம் கழித்து அந்தக் கை இந்தக் கல்லில் எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

முடிச்சை வாயில் வைத்து நனைத்தார். மெல்ல இழுத்தார். ஒரு சுற்றும் முரண்டு பிடிக்காமல் போய் உட்கார்ந்தது.

வெயில் ஏறும்போது மீன் மாட்டியது. கம்பு வளைந்தது. நூல் கல்லை உரசிய நேரத்தில் அவர் “வடிவு, வடிவு” என்று கத்தியதை அவர் அறியவில்லை. ஜெசிந்தாள் கேட்டாள், கேட்காதது மாதிரி கடலைப் பார்த்தாள். கால் மணி நேரம் கழித்துக் கல்லின் மேல் ஒரு பாறை மீன் துள்ளியது. இரண்டு கிலோ தேறும்.

குற்றாலிங்கம் போனை எடுத்தார். படம் எடுத்தார். கீழே எழுதினார். அனுப்புவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்க்கச் சொல்லிப் போனை நீட்டினார்.

ஜெசிந்தாள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

‘மீன் ஒன்று பிடிக்கப்பட்டது. ரகம் பாறை. எடை சுமார் இரண்டு கிலோ. தாங்கள் அனுப்பிய தூண்டில் நல்ல நிலையில் உள்ளது.’

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“காஞ்சு கிடக்கே அண்ணாச்சி.”

அவர் போனைப் பார்த்தார். அழித்தார். ‘வடிவு’ என்று மட்டும் அடித்தார். அதற்கு மேல் விரல் நகரவில்லை. மீன் செவுளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“என்னன்னு எழுத வாத்தியாரம்மா? நீதான் சொல்லேன்.”

ஜெசிந்தாள் தன் தூண்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த கல்லுக்குத் தாண்டினாள்.

“நான் சொன்னா, அது என் எச்சில்லா.”