கையடித்துக் கொடுத்த கடன்

ஆழித்துறை மன்னன் மகரவர்மனுக்குப் பூவராகன் என்று ஒரு மந்திரி. மகா அறிவாளி என்று ஊரே சொல்லும். அவர் மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டார். சொல்ல வாயெடுத்தால் வட்டிக்காரர் குபேரலிங்கம் எதிரே வந்து நிற்பாரே! வடதேசம் போய்த் தர்க்கம் படிக்க வாங்கிய கடன், தலை நரைத்தும் தீரவில்லை. அதில் பாதி படிப்புக்கே போகவில்லை. படிக்கக் கிளம்புகிறவர் பட்டுடுத்திப் பல்லக்கில் ஊர்வலம் போய், ஊருக்கே விருந்து வைப்பது அந்த ஊர்ப் பெருமை.

"ஒருநாள் நான் பல்லக்கில் ஏறினேன். அன்று முதல் பல்லக்கு என்மேல் ஏறிக்கொண்டது" என்பார்.

ஒருநாள் தோணிக்காரர் மகள் தையல்நாயகி சபைக்கு வந்தாள். "மகாராஜா, வைத்தியசாலையில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நாளைக்குள் போய்ச் சேர வேண்டும். கடன் கேட்டால் இதோ நிற்கும் வட்டிக்காரர் என் அப்பாவின் தோணியை எழுதித் தரச் சொல்கிறார். தோணி போனால் வீட்டில் அடுப்பு எரியாது."

"தோணி வேண்டாமென்றால் ஜாமீன் வேண்டும்" என்றார் குபேரலிங்கம். "யாராவது கையடித்துச் சொல்லட்டும்!"

சபையில் ஒருவருக்காகக் கையடித்து உறுதி சொன்னவரே ஜாமீன். கடன் திரும்பி வராவிட்டால் அவர்தான் கட்ட வேண்டும். அது ஆழித்துறைச் சட்டம். சபையில் இருந்த கைகளெல்லாம் சால்வைக்குள் போய் ஒளிந்துகொண்டன.

"பூவராகரே!" என்றான் மன்னன். "கருவூலம் காலி. ஆனாலும் இவள் படிக்க வேண்டும். தோணியும் தப்ப வேண்டும். வழி சொல்லும். இல்லாவிட்டால் பதவியை விட்டு இறங்கும்."

பூவராகன் கையைத் தூக்கினார்.

"நீங்களா?" குபேரலிங்கம் சிரித்தார். "உங்களுக்கே ஒரு ஜாமீன் தேடிக்கொண்டிருக்கிறேன்!"

சபையே சிரித்தது. பூவராகனும் சேர்ந்து சிரித்தார். "நியாயம்தான். அம்மா, பேசாமல் வீட்டுக்குப் போ. படித்தால் என்னைப் போல ஆகிவிடுவாய்."

"நீங்கள் படித்தது தர்க்கம் ஐயா. வைத்தியம் சோறு போடும்."

"போடாது. என்னை நன்றாகப் பார்!"

அவள் நிஜமாகவே பார்த்தாள். முகம் வாடிவிட்டது. குபேரலிங்கத்துக்குப் பகீரென்றது. வந்த வாடிக்கை போகிறதே!

"இவர் பேச்சைக் கேட்காதே அம்மா! மகாராஜா, இவள் கெட்டிக்காரி. சம்பாதிப்பாள், பைசா பாக்கியில்லாமல் கட்டுவாள். கையடித்துச் சொல்கிறேன்!"

பட்டென்று அடித்தும்விட்டார்.

"மன்னா, ஜாமீன் கிடைத்துவிட்டது" என்றார் பூவராகன்.

குபேரலிங்கம் தன் உள்ளங்கையையே வெறித்துப் பார்த்தார். "கொடுக்கிறவனே ஜாமீனா? பணம் வராவிட்டால் நான் யாரிடம் கேட்பது?"

"உங்களிடம்தான். என்னிடம் கேட்பதுபோலக் கறாராகக் கேளுங்கள்."

குபேரலிங்கம் சட்டென்று தையல்நாயகி பக்கம் திரும்பினார். "பல்லக்கு எதற்கம்மா? கால் நன்றாகத்தானே இருக்கிறது, நடந்து போ. பட்டும் வேண்டாம். விருந்தா? தின்றவன் எவனாவது உன் கடனைக் கட்டுவானா? படிப்புக்கு ஆவதை மட்டும் எழுது."

"சுவடிகள் வாங்கணுமே?"

"பழசு வாங்கிக்கொள். எழுத்து தேயாது!"

கேட்டதில் கால்வாசிகூட இல்லை கடன். தோணியும் கரையில் பத்திரம். மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றிப் பூவராகனிடம் நீட்டினான். குறுக்கே வந்த குபேரலிங்கத்தின் கை அதை வட்டிக்கு வரவு வைத்துக்கொண்டது.

"ஓய், இத்தனை மூளைக்காரர் அன்று கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோது இந்த மூளை எங்கே போயிருந்தது?" என்றான் மன்னன்.

"இந்த மூளையை வாங்கத்தானே மன்னா, அந்தக் கையெழுத்தைப் போட்டேன்!"