ஐந்தாவது குற்றம்

முதல் குற்றம், தை மாதம்: குழந்தைகளின் பொதுச் சட்டைகளில் ஒன்றின் உள்மடிப்பில் சிவப்பு நூலால் அடையாளம் தைத்தது.

இரண்டாவது, மாசி: பந்தியில் தன் பங்கு முட்டையை ஒரே குழந்தைக்குக் கொடுத்தது.

மூன்றாவது, பங்குனி: குழந்தைகள் எல்லாப் பெண்களையும் ‘அக்கா’ என்றே அழைக்க வேண்டும் என்றிருக்க, ஒரு குழந்தையை ரகசியமாகத் தன்னை ‘அம்மா’ என்று கூப்பிட வைத்தது.

நான்காவது, சித்திரை: தன் முறை அல்லாத நாளில் நோயறைக்குள் புகுந்து, இரண்டு நாள் வெளியே வர மறுத்தது.

ஐந்தாவது, வைகாசி: பொது அடக்க நிலத்தில் விதியை மீறி ஒரு கல்லை நட்டு, அதில் தாரால் ஒரு பெயரை எழுதியது.

ஏகாம்பரம் எழுதி முடித்துப் பேனாவை மூடினார். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் குழந்தை செத்துப்போயிருந்தது. அது யார் குற்றமும் இல்லை என்பதால் பட்டியலில் இடம்பெறவில்லை.

சமநிலம் என்ற அந்தக் குடியிருப்பு ஏலகிரி அடிவாரத்தில் இருந்தது. தோல் ஆலைப் போராட்டம் தோற்று வேலை போன இருபத்தாறு பேர், இனி எவனிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று கூடி உண்டாக்கியது. ஒரே உலை, ஒரே பந்தி. உள்ளே வந்துவிட்டால் கணவன் இல்லை, மனைவி இல்லை, எல்லாரும் தோழர்கள். குழந்தைகள் பொது. செத்தவர்களுக்குப் பெயர் வைத்த கல் கிடையாது. ஏகாம்பரம் அதன் செயலாளர். குற்றம் சாட்டப்பட்ட பவுனம்மாள், உள்ளே வருவதற்கு முன் அவருடைய மனைவி. செத்தது அவர்கள் பெற்ற பையன்.

விதிகளெல்லாம் தில்லைநாயகியின் வகுப்பில் பிறந்தவை. அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர் அவர். ஏகாம்பரத்தைவிட ஒன்பது வயது இளையவர். ஆனால் ஏகாம்பரத்துக்கு எழுத்தும் அரசியலும் கற்றுக்கொடுத்தவர்.

வகுப்புக் கூடத்தில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த தில்லைநாயகியிடம் ஏகாம்பரம் தாளை நீட்டினார்.

“குற்றப்பத்திரிகை, தோழர். பிழை இருந்தா திருத்திக் கொடுங்க. மூணு மணிக்குக் கூட்டம். இன்னிக்கே வெளியேத்திடணும்.”

“வேற யாராவது எழுதியிருக்கலாமே.”

“நான் எழுதலைன்னா, பொண்டாட்டின்னு விட்டுட்டான்னு பேசுவாங்க. மாடு பாக்கற ரேணுகோபால் இப்பவே, பந்தியில அவ பக்கத்துல உக்காந்தா, ‘என்ன மாப்ளே, விருந்தா’ன்னு கேக்கறான்.”

தில்லைநாயகி கடைசி வரி வரை படித்தார்.

“வெளியே போனா எங்க போவாங்க?”

“தெரியாது. அண்ணன் வீட்டுல சேர்க்க மாட்டாங்க.”

“கல்லு?”

“பிடுங்கிட்டேன். சமையக்கட்டுக்குப் பின்னாடி கெடக்கு.”

தில்லைநாயகி மறுபடியும் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினார். ஏகாம்பரத்துக்கு அது பிடிக்கவில்லை.

“நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? அமெரிக்காவுல ஷேக்கருங்கன்னு ஒரு கூட்டம், சாமி கும்பிடும்போது உடம்பை உதறி ஆடுறவங்க. ஆம்பளைக்கு ஒரு வாசல், பொம்பளைக்கு ஒரு வாசல். புருஷன் பொண்டாட்டியா வந்தவங்க அண்ணன் தங்கச்சியா வாழ்ந்தாங்க. சொத்து பொது. பிள்ளைங்களைத் தனியா வச்சு வளர்த்தாங்க. பல இடத்துல, செத்தவங்க பேர் போட்ட கல்லையெல்லாம் எடுத்துட்டு மொத்தத்துக்கும் ஒரே கல்லு வச்சாங்க. இப்படியும் மனுசங்க இருந்திருக்காங்களேன்னு அன்னைக்கு நான் அழுதேன், தோழர்.”

“சொன்னேன். அது வரலாறு. கூடவே ஒரு கதையும் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்.”

“என்ன கதை?”

“அந்த மாதிரி ஒரு ஊர்ல ஒருத்தன். அவன் காலையில வேலைக்குப் போற வழியில பிள்ளைங்க வரிசையா நிக்கும். இருபது பிள்ளைங்க. இருபது தலையையும் தடவிக் கொடுத்துட்டுத்தான் போவான். இவன் மனசுல பேதமே இல்லைன்னு ஊரே மெச்சிச்சு.”

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார்.

“பன்னெண்டாவதா நின்ன தலைக்காகத்தான் அவன் இருபதையும் தடவினான். அந்தப் பிள்ளை செத்துப்போச்சு.”

“அப்புறம்?”

“மறுநாள்லேர்ந்து அவன் வேற வழியா வேலைக்குப் போனான்.”

பதினெட்டு நாளாக ஏகாம்பரம் கொல்லைப்புறம் சுற்றித்தான் கழனிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“இது ஷேக்கர் கதையா, என் கதையா?”

“நான் அமெரிக்கா போனதில்லை, தோழர்.”

“விதி தப்புன்னா தப்புன்னு நேரா சொல்லுங்க. கதை சொல்லி ஆளை அறுக்காதீங்க.”

“நான் சொல்லி, நீங்க தலையாட்டி, அப்படித்தானே விதியே வந்துச்சு? மறுபடியும் அதே மாதிரியா?” தில்லைநாயகி தாளைத் திருப்பிக் கொடுத்தார். “இதுல பிழை இல்லை. ஆனா ஒண்ணு விட்டுப்போயிருக்கு. கூட்டத்துல சொல்றேன்.”

மூன்று மணிக்கு எல்லாரும் கூடினார்கள். பவுனம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துணி மூட்டையை ஏற்கெனவே கட்டி மடியில் வைத்திருந்தாள்.

ஏகாம்பரம் படித்தார். மூன்று வரை குரல் பிசிறவில்லை. நான்காவதில் ஒரு நொடி நின்றார். நோயறை முறை அட்டவணையை எழுதியவர் அவரே. அவள் முறை சனிக்கிழமை. பையன் வியாழக்கிழமையே போய்விட்டான்.

ஐந்தாவதையும் படித்து முடித்தார்.

“சரி, கை தூக்குங்கப்பா. மாடு கட்டின இடத்துலயே நிக்குது,” என்றான் ரேணுகோபால்.

தில்லைநாயகி எழுந்தார். “இருங்க. ‘ஒரு பெயரை எழுதியது’ன்னு இருக்கு. என்ன பெயர்?”

“அதான் எல்லாருக்கும் தெரியுமே.”

“அப்ப நீங்களே சொல்லுங்க, ரேணுகோபால்.”

ரேணுகோபால் வாயைத் திறந்தான். பிறகு தன் கால் விரல்களைப் பார்க்கத் தொடங்கினான். பதினெட்டு நாளில் அந்தப் பெயரை அங்கே எவரும் உச்சரித்திருக்கவில்லை.

ஏகாம்பரம் தில்லைநாயகியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: “படிச்சுத்தான் ஆகணுமா?”

“எழுதினதுக்காக ஒருத்தரை வெளியேத்தப் போறோம். என்ன எழுதினாங்கன்னு கை தூக்கறவங்களுக்குத் தெரிய வேணாமா? கல்லுல இருந்த மாதிரியே படிங்க, தோழர்.”

ஏகாம்பரம் தாளைப் பார்த்தார். தாளில் அது இல்லை. வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார்.

“பின்னாடி கேக்கலை,” என்றாள் சமையல் வேலை பார்க்கும் நாவம்மாள்.

அவர் தாளைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தார்:

“ஏகாம்பரம் பவுனம்மாள் மகன், முனிரத்தினம். வயது ஏழு.”