குலுங்காத வண்டி

ஆவுடைப்பட்டியில் மூன்று பேர் சேர்ந்து கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் ஊர்க்காவலன். அவருடைய தம்பி தங்கப்பழம். மூன்றாவது ஆள் பிச்சுமணி, ஊர்க்காவலன் பெண்டாட்டியின் தம்பி. மூன்று பேரும் நல்லவர்கள். சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

மாட்டுவண்டி போய், டிராக்டர் போய், இந்த வருஷம் ஒரு பிக்கப் வண்டி வாங்கினார்கள். பழைய வண்டிதான். ஆனால் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். தங்கப்பழத்துக்கு டிராக்டர் ஓட்டிய கை என்பதால் அவன்தான் டிரைவர் என்று முடிவானது.

விற்றவர் அவசரக்காரர். சாவியைக் கொடுத்து, "ரொம்ப சுலபம். டி-யைப் போடுங்க, பிரேக்குல இருந்து காலை எடுங்க, வண்டி போயிட்டே இருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்துப் போய்விட்டார்.

ஊர்க்காவலன் உடனே வீட்டுக்குள் குரல் கொடுத்து டீ போடச் சொன்னார். மூன்று டம்ளர் வந்தது. குடித்தார்கள். வண்டி போகவில்லை.

"சீனி கம்மியோ?" என்றான் பிச்சுமணி.

இரண்டாவது சுற்று டீயில் சீனி தூக்கலாகப் போட்டார்கள். தங்கப்பழம் எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே குடித்து முடித்து, காலி டம்ளரை வைக்க இடம் தேடி, பக்கத்தில் நின்ற கியர் கம்பியைப் பிடித்துத் திரும்பினான். கம்பி பின்னால் இறங்கி டி என்ற எழுத்துக்கு நேரே வந்தது. காலை எடுத்தான். வண்டி நகர்ந்தது.

"பாத்தியா, சீனிதான்" என்றான் பிச்சுமணி. அன்றிலிருந்து அந்த வண்டி டீ குடிக்காமல் தெருவைத் தாண்டியதில்லை.

ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் அதற்கு என்னவோ ஆகிவிட்டது. நேர் ரோட்டில் போகும்போது திடீரென்று ஓவென்று அலறும். அலறி முடித்ததும் யாரோ முதுகில் ஓங்கிக் குத்தியதுபோல டொக்கென்று கியர் மாறும். மாறின கியர் அங்கேயே இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நாலு தப்படியில் மறுபடியும் பழைய கியருக்கே வந்துவிடும். உள்ளே இருக்கிற மூன்று பேருக்கும் தலை முன்னாலும் பின்னாலும் ஆடும். எதிரே வருகிறவர்கள், தங்களைப் பார்த்துத்தான் தலையாட்டுகிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

"தானா மாத்துற கியருல்லா, அதுக்கு இஷ்டப்பட்டப்ப மாத்துது" என்றார் ஊர்க்காவலன். "நாம எப்படி வேண்டாம்னு சொல்ல முடியும்?"

தங்கப்பழத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகள் இசக்கிக்குக் கல்யாணம் வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வடகரை மண்டபத்தில் கல்யாணம். தாய்மாமன்கள் இருவரும் பாத்திரம் எங்கள் பொறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே நானூறு பேருக்குச் சாப்பாடு. அக்கா கோமதி அன்று காலையிலேயே தங்கப்பழத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "லே தம்பி, மத்தியானத்துக்குள்ள அண்டா குண்டா எல்லாம் மண்டபத்துல இருக்கணும். சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால என் தலையைக் குனிய வச்சிராத" என்றாள். தங்கப்பழத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்காக உயிரையே கொடுக்கலாம். ஆனால் அவள் கேட்டது அண்டா.

ஒன்பது மணிக்கெல்லாம் ஏற்றிவிட்டார்கள். எட்டு அண்டா, பன்னிரண்டு தேக்சா, வாளி, கரண்டி, வடிதட்டு, இட்லிக் கொப்பரை. பாத்திரங்களுக்குக் காவலாகப் பிச்சுமணி பின்னால் உட்கார்ந்தான். டீயும் ஆயிற்று.

மூன்றாவது கிலோமீட்டரில் வண்டி ஆரம்பித்தது. ஓவென்று ஒரு அலறல், டொக்கென்று ஒரு குத்து. பின்னால் பாத்திரம் முழுக்கக் கோயில் மணி மாதிரி அடித்து ஓய்ந்தது. தங்கப்பழம் ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தான். பிச்சுமணியைக் காணோம். பெரிய அண்டாவுக்குள் இருந்து, "கவுந்திருச்சு மாப்ள" என்று குரல் மட்டும் வந்தது.

மெக்கானிக் ஜபருல்லாவுக்குப் போன் போட்டார்கள். அவர் டவுனில் இருக்கிறார், கெட்டிக்காரர், கொஞ்சம் முன்கோபி.

"கியர் தாறுமாறா விழுதா? முதல்ல கியர் ஆயிலைப் பாருங்க அண்ணாச்சி. எஞ்சின் ஓடிட்டே இருக்கட்டும். மூடியைத் திறந்தா ஒரு அளவுக்கம்பி இருக்கும். எடுத்துத் துடைச்சு, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்க."

எடுத்தார்கள், துடைத்தார்கள், விட்டு எடுத்தார்கள். மூன்று பேரும் வட்டமாக நின்று பார்த்தார்கள். கால் மணி நேரம் பார்த்தார்கள். ஜபருல்லாவே திரும்பக் கூப்பிட்டார்.

"என்ன, பாத்தாச்சா?"

"இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம் பாய்" என்றான் தங்கப்பழம்.

"ஆயில் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு பாய். நீங்க எப்படி இருக்கீங்க?"

"யோவ், குறைஞ்சிருக்கான்னு கேக்கேன்!"

தங்கப்பழம் கையால் போனை மூடிக்கொண்டு அண்ணனைக் கேட்டான். அண்ணன் யோசித்தார். "இதுக்கு முன்னால நாம பாத்ததில்லையே. எதை வச்சுக் குறைஞ்சிருக்குன்னு சொல்ல? வீணா பொய் சொல்லக் கூடாது. தெரியலைன்னு சொல்லு."

ஜபருல்லா நீளமாக ஒரு மூச்சு விட்டார். "சரி, லோடோட இழுக்கும்போதுதான் இப்படிப் பண்ணுதா, இல்ல எப்பவுமா? லோடை இறக்கிட்டு ஓட்டிப் பாருங்க" என்றார்.

எட்டு அண்டாவையும் பன்னிரண்டு தேக்சாவையும் வேலிக்காத்தான் மர நிழலில் வரிசையாக இறக்கினார்கள். ஏறி உட்கார்ந்து ஓட்டினார்கள். என்ன ஆச்சரியம்! ஓட்டம் பாதிக்குப் பாதி தேவலை. அலறல் இல்லை. எப்போதாவது ஒரு சின்னக் குத்துதான். மூவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பிச்சுமணி வழியெல்லாம் கைதட்டிக்கொண்டே வந்தான். வழியில் கல்லத்தி மேடு இருக்கிறது, செங்குத்தான ஏற்றம். அதிலும் வண்டி ஏறிவிட்டது. பதினொன்றரைக்கெல்லாம் மண்டப வாசலில் கம்பீரமாகப் போய் நின்றார்கள்.

சமையல் மாஸ்டர் சங்கிலி இடுப்பில் துண்டோடு ஓடி வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"பாத்திரம் எங்கவே?"

"அது வண்டிக்கு ஒத்துக்கல மாஸ்டர்" என்றார் ஊர்க்காவலன். "இறக்கி வச்சிட்டோம். இப்ப வண்டி நல்லா ஓடுது."

"நான் சோத்தை எதுல வடிக்க? உம்ம வண்டியிலயா?"

பிச்சுமணி வண்டியின் பின்பக்கத்தை அளப்பதுபோல ஒரு பார்வை பார்த்தான். அதற்குள் மண்டப மாடி ஜன்னலில் அக்கா கோமதியின் முகம் தெரிந்தது. அக்கா இறங்கி வருவதற்குள் தங்கப்பழம் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தான்.

மர நிழலில் பாத்திரங்கள் வைத்தபடியே இருந்தன. அவற்றுக்கு எதிரே ஆடு மேய்க்கிறவர்கள் நாலு பேர் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "பந்தி எப்பம் அண்ணாச்சி?" என்று கேட்டார்கள்.

"சாயங்காலம், வடகரையில" என்றார் ஊர்க்காவலன். அவர்கள் எழுந்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வடகரைப் பக்கம் நடந்தார்கள்.

மறுபடியும் எல்லாவற்றையும் ஏற்றிக் கிளம்பினார்கள். கல்லத்தி மேட்டில் பாதி ஏறியதும் வண்டி தன் முழுக் குணத்தையும் காட்டியது. மேலே போகிற கியருக்குத் தாவும், மூச்சுத் திணறும், கீழே இறங்கும், அலறும், மறுபடி தாவும். ஒரு கட்டத்தில் அங்கேயே நின்றுகொண்டு அலறியது. தங்கப்பழம் கைபிரேக்கை இழுத்தான். பிச்சுமணி சக்கரத்துக்குக் கல் வைத்தான். மணி ஒன்றரை.

மறுபடியும் போன்.

"மேட்டுல அப்படித்தான் தடுமாறும்" என்றார் ஜபருல்லா. "மேனுவல்ல போட்டு ஏத்துங்க." தானாக மாறும் கியரைக் கையால் மாற்றிக்கொள்ள அந்தக் கியர் கம்பியிலேயே ஒரு இடம் உண்டு, அதைத்தான் அவர் சொன்னார்.

"யாரை பாய்?"

"மேனுவல்ல, மேனுவல்ல! மேனுவல் இருக்குல்லா?"

தங்கப்பழம் அண்ணனைப் பார்த்தான். "மானுவேல் இருக்காரான்னு கேக்காரு."

"மானுவேல் ஊர்லதான இருக்காரு" என்றார் அண்ணன். "காலையில கூட வான்கோழிக்குத் தீவனம் போட்டுக்கிட்டிருந்தாரு."

"இருக்காரு பாய்" என்றான் தங்கப்பழம்.

"அப்புறம் என்ன? போடுங்க!"

பைக்கில் வந்த ஒருவரை நிறுத்தி ஏறிக்கொண்டு, பிச்சுமணி ஊருக்குப் போனான். முக்கால் மணி நேரத்தில் மானுவேலோடு வந்து சேர்ந்தான். மானுவேல் அமைதியான மனிதர், எட்டு வான்கோழி வளர்க்கிறவர், வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டாதவர். சாப்பாட்டில் கை வைத்தவரைப் பாதியில் எழுப்பிக் கூட்டி வந்திருந்தான். கை ஈரம்கூடக் காயவில்லை.

"நான் என்னவே பண்ணணும்?" என்றார் மானுவேல்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் அண்ணாச்சி. உங்களை உள்ள போடணும், அவ்வளவுதான்."

உள்ளே போட்டார்கள். வண்டி ஏறவில்லை. தங்கப்பழம் போனை எடுத்தான். "மானுவேலைப் போட்டாச்சு பாய், ஏறல."

"சும்மா போட்டா ஏறாது. கையில பிடிச்சு முதல்ல இடது பக்கம் தள்ளுங்க."

ஊர்க்காவலன் மானுவேலைத் தோளில் பிடித்து இடது பக்கம் தள்ளினார். மானுவேல் கதவோடு ஒட்டிக்கொண்டார்.

"தள்ளியாச்சு பாய்."

"இப்ப முன்னால தள்ளுங்க. பிளஸ் வரும்."

முன்னால் தள்ளினார்கள். மானுவேலின் நெற்றி கண்ணாடியில் ணங்கென்று மோதியது. வலி தாங்காமல், "சேசுவே" என்று நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலுமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"வந்துருச்சு! பிளஸ் வந்துருச்சு!" என்று கத்தினான் பிச்சுமணி.

"வந்துதா? நல்லது" என்றார் ஜபருல்லா. "கியர் கூட்டணும்னா முன்னால தள்ளிட்டே இருங்க. குறைக்கணும்னா பின்னால இழுங்க."

பத்து நிமிஷம் முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தார்கள். வண்டி அங்கேயே நின்றது. மானுவேல்தான் களைத்துப்போனார். கடைசியில் அவரே போனைப் பிடுங்கி, "ஐயா, நீரு யாருன்னு எனக்குத் தெரியாது. உமக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்று கேட்டார்.

"நீங்க யாரு?" என்றார் ஜபருல்லா.

"மானுவேல்."

மறுபக்கத்தில் ஸ்பானர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "எதையும் தொடாம நில்லுங்க. நானே வாரேன்" என்று குரல் வந்தது.

மூன்று பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார்கள். தங்கப்பழம் அப்படி நின்றுகொண்டே அக்காவை நினைத்தான். நானூறு பேர். ஒரு அண்டா இல்லை. இசக்கி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் தோளில் ஏறித்தான் தேர் பார்த்தாள். கண்ணைத் துடைக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் கண்ணைத் தொடலாமா என்று பாய் சொல்லவில்லை.

ஜபருல்லா பைக்கில் வந்தார். நேராக வண்டிக்கு அடியில் படுத்தார். கியர் பெட்டிக்குப் போகிற ஒயர்களின் சாக்கெட் ஒன்று கழன்று பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்து அழுத்தி மாட்டினார். ஆயிலும் குறைந்திருந்தது. கொண்டுவந்த டப்பாவிலிருந்து ஊற்றினார். தானே மேடு முழுக்க ஏற்றி, உச்சியில் கொண்டுபோய் நிறுத்திக் கொடுத்தார்.

"இனிமே கியர் மாறுறதே உங்களுக்குத் தெரியாது" என்றார். பிறகு மானுவேலைக் கும்பிட்டு, தன் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

மணி மூன்று. மூவரும் ஏறிக் கிளம்பினார்கள். இந்தத் தடவை பிச்சுமணியும் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டான். மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு நூல் பிடித்ததுபோல நேர். கொஞ்ச தூரத்தில் ஒரு தாழ்வில் இறங்கி மறையும். தாழ்வைத் தாண்டினால் மண்டபம்.

அலறல் இல்லை, குத்து இல்லை. பாத்திரத்தில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. தங்கப்பழத்துக்கு என்னவோ பயமாக இருந்தது.

"அண்ணே, வண்டி ஓடுதா?"

ஊர்க்காவலன் கவனித்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே. குலுங்கவே மாட்டேங்குதே."

"மரமெல்லாம் பின்னால போவுது அத்தான்" என்றான் பிச்சுமணி.

"மரம் போறது சரிலே. நாம போறமா?"

மூவரும் தலை ஆடுகிறதா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு தலையும் ஆடவில்லை.

"உள்ள இருந்துக்கிட்டு எப்படிக் கண்டுபிடிக்க?" என்றார் ஊர்க்காவலன் முடிவாக. "கீழ இறங்கிப் பாத்தாத்தான் தெரியும்."

தங்கப்பழம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்தது. அண்ணன் முதலில் இறங்கினார். அவர் பின்னால் பிச்சுமணி. இந்தப் பக்கம் தங்கப்பழம். மூவரும் ரோட்டோரமாக நின்று இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்கள்.

வண்டி போய்க்கொண்டிருந்தது. ஆட்டம் இல்லாமல், அசைவு இல்லாமல், தண்ணீரில் தோணி போகிறதுபோலப் போய்க்கொண்டிருந்தது.

"ஓடுது!" என்றான் பிச்சுமணி.

"என்ன அழகாப் போவுது!" என்றார் ஊர்க்காவலன். தங்கப்பழத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாய் கை வைத்தால் கை வைத்ததுதான். தாழ்வில் இறங்கி மறையும்வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வண்டி மறைந்த பிறகு ஓரத்தில் கிடந்த ஒரு கல்லின் மேல் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சமையல் மாஸ்டர் சங்கிலி.

"என்னவே, மண்டப வாசல் மணல்மேட்டுல வண்டியை முட்ட விட்டுட்டு மூணு பேரும் எங்க போய்த் தொலைஞ்சீங்க? பாத்திரத்தை நாங்களா இறக்குறது?"

"நாங்க மேட்டுப் பக்கம்தான் உக்காந்திருக்கோம் மாஸ்டர்" என்றான் தங்கப்பழம். "நீங்களே இறக்கிக்கோங்க. இறக்கினதும் வண்டியைத் திருப்பி விட்டுருங்க, அது வந்து எங்களை ஏத்திக்கிடும்."