பெருச்சாளி வாசித்த பயோடேட்டா

ஆலங்காட்டு விலங்குகளுக்கு ஒரு தானிய வங்கி இருந்தது. மழைக்காலத்துக்கு வேண்டிய கொட்டை, தினை, சோளம் எல்லாம் அதற்குள்தான். மேனேஜர், கரடியார். மழைக்கு முன்னால் அவர் ஒரு வாரம் தேனெடுக்க மலைக்குப் போவார். போகிற அன்றைக்கு வங்கியில் மாறுவேட விழா நடக்கும். ஆளுக்கொரு வங்கி வேடம் போட்டு, பொய்யாய் ஒரு பயோடேட்டா வாசிக்க வேண்டும். யார் அதிகமாய்ச் சிரிக்க வைக்கிறாரோ, அவர் கையில் அந்த ஒரு வாரம் வங்கிச் சாவி!

கேட்டீர்களா கூத்தை! களஞ்சியச் சாவியைச் சிரிப்புக்குப் பரிசாகக் கொடுக்கிற காடு உருப்படுமா?

துடுக்கி என்ற அணிலுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. நாலு குட்டிகள் அதற்கு. கோடை முழுக்கப் பொறுக்கிய கொட்டை அத்தனையும் வங்கியில் கிடந்தது. மழை பிடித்துக்கொண்டால் குட்டிகளுக்கு வேறு சாப்பாடு கிடையாது.

விழா தொடங்கியது. ஆமை டை கட்டிக்கொண்டு வந்தது.

"பெயர், மின்னல்! முந்தின வேலை, தபால் ஓட்டம்! வேலையை விட்ட காரணம், என் வேகத்துக்குக் காற்றால ஈடுகொடுக்க முடியலை!"

ஒரே கைதட்டல்! அடுத்து, காதில் பேனாக் குச்சி செருகிய கேஷியராகத் துடுக்கி ஏறியது. "புதைச்ச கொட்டையை நான் மறந்ததே இல்லை!" என்றது. அதன் குட்டிகளே விழுந்து விழுந்து சிரித்தன.

கடைசியாகப் பெருச்சாளி வந்தது. அது காட்டுக்குப் புதுசு. கொடியை வளைத்துக் கண்ணாடி மாட்டி, ஆடிட்டர் வேடம் போட்டிருந்தது.

"படிப்பு, சுவர் தோண்டுவதில் முதல் வகுப்பு! அனுபவம், மூங்கில்காட்டு வங்கியில் மூணு மாசம் காவல்! வேலையை விட்ட காரணம், அங்கே தின்ன ஒண்ணும் மிச்சமில்லை!"

கூட்டம் உருண்டு புரண்டது. கரடியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, முடியலைப்பா! சாவி உனக்குத்தான்!"

துடுக்கிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மற்றவர்கள் எல்லாம் தங்களால் ஆகாததைச் சொன்னார்கள். இவன் ஆகக்கூடியதை அல்லவா சொல்கிறான்! துடுக்கி தூணில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"சார், வேண்டாம் சார்! சாவியைக் கொடுக்காதீங்க!"

"தோத்துட்டோம்னு வயித்தெரிச்சலா? போய் உட்காரு!" என்று கரடியார் அதட்டினார்.

திருடன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? துடுக்கி ஒரே தாவலில் மேஜைமேல் குதித்தது.

"சரி சார், கொடுங்க! பொய்யிலேயே பெரிய பொய் இவரோடதுதான்! இந்தப் பல்லை வெச்சுக்கிட்டு ஒரு வங்கியையே காலி பண்ணினாராம்! இவரால ஒரு சாக்கைக்கூடக் கிழிக்க முடியாது!"

பெருச்சாளியின் மீசை விறைத்தது. "யாரால முடியாது?"

"உங்களாலதான்! மூணு மாசமில்லை, மூணு வருஷம் ஆனாலும் முடியாது!"

"ஏய் அணிலே! மூணு மாசம்னு சும்மா கூட்டிச் சொன்னேன். முழு வங்கியையும் இருபதே நாள்ல முடிச்சவன் நான்! பின்சுவர்ல நான் போட்ட பொந்து இன்னும் இருக்கு, போய்ப் பாரு!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சொன்னது என்னவென்று பெருச்சாளிக்கு அப்புறம்தான் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதருக்குள் பாய்ந்தது, அவ்வளவுதான்!

கரடியார் நீட்டிய சாவியைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "சிரிச்சுக்கிட்டே உங்க எல்லாரையும் பட்டினி போட இருந்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்த வருஷம் அவர் தேனுக்குப் போகவே இல்லை.

தீயவன் தன் குணத்தை வேடிக்கையாகச் சொன்னாலும், கேட்பவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.