விழுங்காத ஒயின்

“மதாம், என் நாக்குல வேற யாரோ இருக்காங்க” என்றார் தைரியநாதன்.

புதுச்சேரியில் ஒயினைச் சுவைத்துச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வயது ஐம்பத்தெட்டு. கடற்கரை ஓட்டலில் எந்தப் புட்டியை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பியனுப்புவது என்று அவர் நாக்குதான் முடிவுசெய்யும்.

அந்த நாக்கைப் பழக்கியவர் மதாம் லுசியேன். தைரியநாதனைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

நாக்கு கெட்டுவிட்டதென்று தெரிந்தால் ஓட்டலில் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான்கு மாதமாக இதைப்பற்றித் தைரியநாதன் வெளியே மூச்சுவிடவில்லை.

“எந்த ஒயின், முசே?”

கையோடு கொண்டுவந்த புட்டியைத் தைரியநாதன் மதாம் வீட்டு மேசைமேல் வைத்தார். பிரான்சிலிருந்து வந்த சிவப்பு ஒயின். போர்தோ ஊர்ச் சரக்கு.

மதாம் திறந்து ஊற்றினார்.

“சொல்லுங்க.”

தைரியநாதன் கோப்பையைச் சுழற்றினார். முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டி, பக்கத்திலிருந்த கிண்ணத்தில் துப்பினார்.

“கனிஞ்ச நாவப்பழம். கிராம்பு. பழைய தோல். புகையிலை. கடைசியில ஒரு துவர்ப்பு.”

“சரிதான். அப்புறம்?”

தைரியநாதன் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

“ஈரச் சுவர்.”

“அப்புறம்?”

“சுவர்மேல ஒரு கை. பொம்பளை கை. இருட்டுல தடவித் தடவிப் படியேறி வர்றா. பல்லெல்லாம் கூசுது மதாம், அவ்வளவு ஜில்லுனு இருக்கா.”

வெளியே உச்சிவெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

“வந்து?”

“என்னமோ சொல்ல வாயைத் திறக்கிறா. அதுக்குள்ள துப்பிடறேன்.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ஒவ்வொரு தடவையும்.”

“பயமா?”

“பழக்கம்” என்றார். கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, “பயந்தான்” என்றார்.

மதாம் கிண்ணத்தை எடுத்துப்போய் சன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடியில் கவிழ்த்தார். அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

மறுபடி ஊற்றினார்.

வேலைக்கு வந்த முப்பது வருஷத்தில் ஒரு சொட்டும் தொண்டைக்குக் கீழே இறங்கவிட்டதில்லை தைரியநாதன்.

இப்போது விழுங்கினார்.

தைரியநாதனின் இடது கை மெல்ல மேசையைத் தடவத் தொடங்கியது. எதையோ பிடித்துக்கொண்டு ஏறுகிற கை மாதிரி.

“என்ன சொல்றாங்க?” என்றார் மதாம்.

“கதவு பூட்டியிருக்காம்.”

அவர் கை மேசைப்பலகையை இரண்டு தடவை தட்டியது.

“ரொம்ப நாளா தட்டறாங்களாம். மேல யாரோ ஒருத்தர் வந்து நிக்கிறாராம். காது குடுத்துக் கேக்குறாராம். ‘நல்ல வாசனை’ன்னு சொல்லிட்டு, திரும்பிப் போயிடறாராம்.”

“நீங்கதானே அது, முசே?” என்றார் மதாம்.

தைரியநாதன் எழுந்தார். வாசல்வரை போய், தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

மதாம் லுசியேன் எழுந்து, தன் நாற்காலியை ஓரமாக இழுத்து வழிவிட்டார்.